ஒரு பிரபுவுக்காக வரைந்த ஜெப புத்தகம்... முடியும் முன்பே எல்லோரும் மரணம்! 600 ஆண்டு பழைய ஏடுகளின் கதை

ஏறக்குறைய ஒரு ஏ4 தாள் அளவு. கன்றுத்தோலில் செய்த 206 ஏடுகள். எழுத்தும் ஓவியமும் முழுக்க முழுக்க கைவேலை. பிரான்ஸில் இருக்கும் 'ட்ரே ரீஷ் அர்' என்ற இந்த ஜெப புத்தகம்தான், இடைக்கால ஓவியச் சுவடிகளிலேயே மிகப் பிரபலமானது.

மணிநேரப் புத்தகம்னா என்ன?

மடாலயத் துறவிகள் தினமும் 8 வேளை ஜெபம் செய்வார்கள். வீட்டில் இருப்பவர்களும் அதைப் பின்பற்ற வந்த சுருக்கமான கையேடுதான் மணிநேரப் புத்தகம். முதலில் திருநாள் காலண்டர், அப்புறம் மாதா ஜெபங்கள், சங்கீதங்கள். சாதாரண பிரதிகளும் விற்றன. ஆனால் இது வேற லெவல்.

யாருக்காக?

பிரான்ஸ் மன்னர் 5ஆம் சார்லஸின் தம்பி, பெர்ரி பிரபு ழான். கோட்டை, நகை, புத்தகம் என்றால் உயிர். பணம் எங்கிருந்து வந்தது? அவர் ஆண்ட லாங்டாக் பகுதியில் வரிச்சுமை தாங்காமல் மக்கள் கொதித்தார்கள். 1389-ல் மன்னர் 6ஆம் சார்லஸ் அவரை அந்தப் பொறுப்பிலிருந்தே தூக்கிவிட்டார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு காலண்டர் பக்கங்களைப் பாருங்கள். ஜனவரியில் நீல அங்கியில் பிரபு விருந்தில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டு மேஜை மேலேயே குட்டி நாய்கள் நடமாடுகின்றன. அடுத்த பக்கம் பிப்ரவரி. எங்கும் பனி. குடிசைக்குள் துணியைத் தூக்கிப் பிடித்தபடி குளிர் காயும் விவசாயிகள், பட்டியில் ஒடுங்கிய ஆடுகள், கழுதையை ஓட்டிப்போகும் ஒருவர். ஐரோப்பிய ஓவியத்தின் ஆரம்பகால பனிக் காட்சிகளில் இதுவும் ஒன்று. வானத்தின் அந்த அடர் நீலம், ஆப்கானிஸ்தான் சுரங்கத்திலிருந்து வந்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்து எடுத்தது.

வரைந்தது யார்?

நைமேகன் ஊரைச் சேர்ந்த பால், ஹெர்மன், ழான் என்ற லிம்பர்க் சகோதரர்கள். குறும்பும் ஜாஸ்தி. 1411 புத்தாண்டுக்கு பிரபுவிடம் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். திறக்கவே முடியாது, புத்தகம் மாதிரி பெயின்ட் அடித்த மரக்கட்டை அது!

1416 ஜூனில் பிரபு இறந்தார். மூன்று சகோதரர்களும் அதே ஆண்டில் போய்விட்டார்கள். கொள்ளைநோய் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். புத்தகம் பைண்டிங்கூட ஆகாமல் உதிரி ஏடுகளாகக் கிடந்தது. சுமார் 70 ஆண்டு கழித்து, சவாய் பிரபுவுக்காக ழான் கொலோம்ப் என்ற ஓவியர்தான் மிச்சத்தை முடித்தார்.

இப்போ எங்கே இருக்கு?

1856-ல் இதை வாங்கிய ஓமால் பிரபு, தன் சேகரிப்பில் எதையும் வெளியே இரவல் தரக்கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டார். அதனால் பாரிஸ் அருகே ஷான்டியி கோட்டையிலுள்ள கோன்டே அருங்காட்சியகத்தை விட்டு இது நகராது. அங்கேயும் பெரும்பாலும் பெட்டகத்துக்குள்தான். பழுதுபார்ப்புக்காக பைண்டிங்கைப் பிரித்ததால், 2025-ல் 12 மாத ஏடுகளும் தனித்தனியாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.