கல்லீரலும் சுப்பாராவின் மருந்தும்

புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் உள்ள வீடுகளில், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "மருந்து ஈரலைக் கெடுக்குதாம், நிறுத்திப்புடலாமா?" மருத்துவர்களையும் வெகுகாலம் மலைக்க வைத்த கேள்விதான் இது. இதன் வரலாற்றைத் தேடிப் போனால் சென்னையில் படித்த ஒருவரிடம் வந்து சேருகிறோம்.

எல்லாப்பிரகத சுப்பாராவ் 1895-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியாரின் சொல் கேட்டுக் கதர் உடுத்தியது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே முழுப் பட்டம் கிட்டாமல் சிறிய பட்டமே கிட்டியது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அதன்பின் அமெரிக்கா சென்றார். பிறகு 1940-இல் லெடர்லி மருந்து ஆய்வகத்தில் சேர்ந்தார். யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் மாத்திரை அவர் தலைமையில் அங்கே உருவானதுதான்.

அதற்கு முன்பே, பம்பாய் ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் இரத்தச் சோகையை லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் ஆராய்ந்திருந்தார். நம் வீடுகளில் கஞ்சியில் கலக்கிறோமே, அந்த மார்மைட்டைக் கொடுத்து அவர்களைத் தேற்றினார். அதில் இருந்த சத்துத்தான் ஃபோலிக் அமிலம். லெடர்லி ஆய்வாளர்கள் அச்சத்தை ஈரலிலிருந்து பிரித்தெடுத்தனர். பிறகு செயற்கையாகவும் செய்தனர். இன்று கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மஞ்சள் மாத்திரை அதுவே.

பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இந்தச் சத்து நோயை வளர்ப்பதாகக் கண்டார். அப்படியானால் சத்தைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்க வேண்டுமல்லவா? சுப்பாராவின் குழு அத்தகைய பொருளைச் செய்து கொடுத்தது. 1948 ஜூனில் ஃபார்பர் அறிக்கை வெளியிட்டார்: 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. சிறிது காலந்தான். ஆனாலும் அதற்கு முன் அந்நோய்க்கு அதுகூட இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார். அவர் ஆய்வகத்தில் பிறந்த மெத்தோட்ரெக்சேட் பின்னர் புகழ்பெற்றது. 1956-இல் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் கர்ப்பத்தைத் தொடர்ந்து வரும் ஒரு புற்றுநோயை இம்மருந்தால் குணப்படுத்தியதை வெளியிட்டனர்.

இனி ஈரலுக்கு வருவோம். செல்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. வேகமாகப் பெருகும் புற்றுச் செல் அதனால்தான் முதலில் அடிபடுகிறது. ஆனால் மருந்தின் ஒரு பகுதி ஈரலிலும் தங்குகிறது. நாளடைவில் ஈரலில் கொழுப்பு படியலாம், பின்பு வடு விழலாம். வடு முற்றினால் ஈரல் சுருங்கி இறுகிவிடும். மருந்து உண்ட குழந்தைகளின் ஈரலில் இவ்வடுக்கள் இருப்பதை 1955-இல் எழுதினர். சோரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் இதே மருந்தைக் கொடுக்கத் தொடங்கியபோது மேலும் ஒன்று விளங்கியது: நாள்தோறும் சிறிது சிறிதாக உண்பதைவிட, வாரம் ஒருமுறை உண்பது ஈரலுக்கு இலகு. தோல் நோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் இம்மாத்திரையை வாரத்தில் ஒரே நாள் தருவது இதனால்தான். தினம் என்று தவறி உண்டு உயிரிழந்தவர்களும் உண்டு. புற்றுநோய்க்கு முறை வேறு. அதை மருத்துவரே வகுப்பார்.

ஈரலை முன்பே நலித்து வைத்திருப்பது எது என்பதும் தெரியவந்தது. முதலாவது குடி. தோட்டத்துச் சம்சுவைப் பற்றி நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நீரிழிவு, உடற்பருமன், ஹெப்பாடைடிஸ் பி ஆகியவையும் அப்படியே. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு அது கிடைத்திராது. சில புற்றுநோய் மருந்துகள் ஈரலில் உறங்கிக் கிடக்கும் அக்கிருமியை எழுப்பிவிடும். ஆகையால்தான் சிகிச்சைக்கு முன்பே இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

சிகிச்சையின் இடையிலும் இரத்தம் எடுப்பார்கள். ஈரலின் அளவு ஏறினால் மருந்தைக் குறைப்பார்கள், சில வாரம் நிறுத்துவார்கள், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். பல வேளைகளில் அளவு தானே இறங்கிவிடும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அடுத்த தவணைவரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். கீழாநெல்லியோ வேறு கஷாயமோ குடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் ஏசுவார் என்று மறைத்துவிட்டால், ஈரல் கெட்டது எதனால் என்று அவருக்குத் தெரியாமலே போய்விடும்.