காவலன் வேடத்தில் வந்த கள்வன்

பூட்டை உடைத்துப் புகும் கள்வன் ஒருவகை. காவலன் உடையில் வந்து, வீட்டாரைக் கொண்டே கதவைத் திறக்கச் செய்யும் கள்வன் மற்றொருவகை. கணினியின் வரலாற்றில் இவ்விரு வகையினரும் உண்டு. இல்லாத வைரஸைக் காட்டி அச்சுறுத்திப் பொருள் பறித்தவர்கள் இரண்டாம் வகையினர்.

வைரஸ் பற்றிய அச்சம் ஒரே நாளில் தோன்றியதன்று. 1986ஆம் ஆண்டில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ வைரஸ், வட்டுகளின் வழியே பல நாடுகளுக்கும் பரவியது. 1992ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் ‘மைக்கலேஞ்சலோ’ வைரஸ் இலட்சக்கணக்கான கணினிகளை அழித்துவிடும் என்று செய்தித்தாள்கள் முழங்கின. அந்நாள் வந்தது, பேரழிவு வரவில்லை. ஆனால், 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பீன்சிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகெங்கும் கேடு விளைத்தது. அதன்பின் வைரஸ் என்ற சொல்லே வீடுகளில் நடுக்கத்தை உண்டாக்கிற்று.

அந்நடுக்கத்தையே முதலாகக் கொண்டு வாணிகம் தொடங்கினர் சிலர். 2005ஆம் ஆண்டளவில் ‘ஸ்பைஷெரிஃப்’, ‘வின்ஃபிக்சர்’ என்பனவும், 2008இல் ‘எக்ஸ்பி ஆண்டிவைரஸ்’ என்பதும் பரவின. இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தவுடன் திரையில் சோதனை நடப்பதுபோன்ற காட்சி ஓடும். சில நொடிகளில் வைரஸ்கள் பல கண்டுபிடிக்கப்பட்டதாகச் சிவப்பெழுத்தில் அறிவிப்பு வரும். உண்மையில் அங்கே சோதனையே நடப்பதில்லை. அஃது ஓடும் படம், அவ்வளவே! அவற்றை நீக்க 40 டாலரோ அதற்கு மேலோ கட்டவேண்டும் என்பர். கணினியினுள் புகுந்துவிட்டவையோ இன்னும் கொடியவை. அவை மெய்யான காவல் நிரல்களை இயங்கவிடா. கணினியைத் திறக்குந்தோறும் தாமே எழுந்து மிரட்டும்.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 2008 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசு வாணிக ஆணையம், ‘இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங்’ என்னும் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. ஏமாந்தவர் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்று ஆணையம் கூறியது. 2012இல் அவ்வழக்கில் 16 கோடியே 30 இலட்சம் டாலர் செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. 2011 மே மாதத்தில் ‘மேக் டிஃபெண்டர்’ என்ற பெயரில் ஆப்பிள் கணினிகளையும் இவ்வஞ்சகம் தொட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009இல் இலவசக் காவல் நிரலை வெளியிட்டு, 2012இல் ‘விண்டோஸ் 8’ உடனேயே காவலைச் சேர்த்துத் தந்தது.

இக்கள்வனை வெளியேற்றும் முறை என்ன? முதற்கண், பணம் கட்டலாகாது. போலிச் சாளரத்தில் உள்ள எப்பொத்தானையும் தொடாமல், ‘டாஸ்க் மேனேஜர்’ வழியே அதனை மூடவேண்டும். இணைய இணைப்பைத் துண்டித்து, கணினியைச் ‘சேஃப் மோட்’ நிலையில் திறக்கவேண்டும். இன்றியமையாதவை மட்டுமே இயங்கும் அந்நிலையில் போலிகள் பெரும்பாலும் எழுவதில்லை. அப்போது, வேறொரு கணினியில் இறக்கி எடுத்துவந்த மெய்யான நிரலால் சோதித்து நீக்கலாம். அதற்கும் அடங்காவிடின், ஆவணங்களைப் படியெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வழி. கடனட்டை எண்ணைக் கொடுத்துவிட்டவர் உடனே வங்கிக்கு அறிவித்தல் வேண்டும்.

பணம் இழந்தது மட்டுமா கேடு? பொய்யான எச்சரிக்கையால் சுட்டுக்கொண்டவர், மெய்யான எச்சரிக்கையையும் நம்ப மறுக்கிறார். காவலன் குரலுக்கே மதிப்பில்லாமற் போவதுதான் பெருங்கேடு. இன்றும் அதே கள்வன், திரையில் தொலைபேசி எண்ணைக் காட்டி, “உடனே அழையுங்கள்” என்கிறான். தம் கணினியைக் காக்கும் நிரலின் பெயரை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்துவைத்தல் நன்று. நாம் அமர்த்தாத காவலன் வாயிலில் நின்று கூவினால், அவன் காவலன் அல்லன் என்று தெளிக!