மரத்துப்போன பாதத்தின் கணக்கு

போன வருஷம் ஒரு நாள் வாக்கிங் முடித்து வந்து செருப்பைக் கழற்றினேன். உள்ளே ஒரு கருங்கல் சில்லு. ஒரு மணி நேரம் அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறேன், தெரியவே இல்லை. சர்க்கரை வந்து இருபது வருஷமாகிறது.

டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு போடச் சொன்னார். "ஏங்க, அது தொழுநோய்க்காரங்களுக்குக் கொடுக்கறது இல்லையா?" என்று வீட்டில் முகம் சுளித்தாள். அவள் சொன்னது சரிதான். அதனாலேயே அந்தக் கதையைத் தேடிப் படித்தேன்.

கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறுவருஷம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் போய்ப் பார்த்தார். நோயாளிகளின் சதையே கெட்டது, அதனால்தான் புண் ஆறுவதில்லை என்று பலரும் நம்பிய காலம். ஆனால் மாவுக்கட்டுப் போட்டுக் காலைக் காப்பாற்றினால் அதே புண் ஆறுவதை பிராண்ட் பார்த்தார். அப்படியானால் சதையில் குற்றமில்லை, வலி தெரியாததுதான் குற்றம். நாமெல்லாம் கொஞ்சம் வலித்தாலே நம்மை அறியாமல் நடையை மாற்றிவிடுகிறோம். அவர்கள் அதே இடத்தையே மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

1966-இல் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, எலிகளின் பாதத்தை இயந்திரத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தார். ஒரு பெரிய அடி தேவையில்லை. நாள் தவறாமல் விழும் சின்ன அடிகளே புண்ணாக்கப் போதும். ஆனால் தோலுக்கு உள்ளே என்ன நடக்கிறது? நடக்கிற மனிதனின் பாதத்துக்குள் கருவியை நுழைத்தா பார்க்க முடியும்?

அதற்குக் கம்ப்யூட்டர் வரவேண்டியிருந்தது. விமானத்துக்கும் பாலத்துக்கும் பொறியாளர்கள் போட்ட 'ஃபைனைட் எலிமென்ட்' கணக்கு இங்கே உதவியது. உருவத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு அழுத்தம் என்று பார்ப்பது. 1981-இல் நகமுரா, க்ரௌனின்ஷீல்ட், கூப்பர் மூவரும் பாதத்தின் மென்சதைக்கு இதைப் போட்டுப் பார்த்தார்கள். எலும்பு சுலபம், சதைதான் தலைவலி. குதிகால் கொழுப்பு தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். மெல்ல அழுத்தினால் குழையும், மேலும் அழுத்தினால் இறுகும். இரும்புக்குப் போடுவதுபோல் ஒரே எண்ணைப் போட்டால் விடை தப்பு.

1999-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஜேக்கப்பும் பாட்டீலும் தொழுநோய்ப் பாதத்துக்கும் சர்க்கரைப் பாதத்துக்கும் முப்பரிமாண மாதிரி செய்து வெளியிட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு எத்தனை தூரம்! கணக்கு வந்து சேர ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

என்னைப் பயமுறுத்தியது 2005-இல் ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கணக்கு. எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து ஒரு பாதத்தை உருவாக்கி, அதன் சதையை ஐந்து மடங்கு வரை கெட்டியாக்கினார்கள். தரையில் படும் பரப்பு 68 சதுர செ.மீ.யிலிருந்து 50 ஆகக் குறைந்தது. குதிகாலிலும் முன்பாதத்திலும் உச்ச அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு ஏறியது. சர்க்கரை என்னைப் போன்றவர்களின் சதையை இறுக்கத்தானே செய்கிறது! போதாக்குறைக்கு, எலும்பை ஒட்டிய உள்சதையில்தான் நெரிசல் அதிகமாம். மேலே தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே காயம் தொடங்கிவிடலாம்.

இப்போது அந்தச் செருப்புதான் போடுகிறேன். உதறிவிட்டு, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துதான் காலை நுழைப்பது. முகம் சுளித்தவளே ராத்திரியில் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கிறாள். நேற்று இடது கட்டைவிரலுக்குக் கீழே லேசாகச் சிவந்திருக்கிறது என்றாள். எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. காலையில் டாக்டரிடம் போகிறோம்.