கண்ணுக்கு ஒவ்வாத சித்திரம்

படக்கதை நூல் ஒன்றை ஒதுக்குவது எளிது. “ஓவியம் பிடிக்கவில்லை” என்று கூறிவிட்டால் போதும். கதையை இகழ வேண்டுமாயின் அதனைப் படித்தாக வேண்டும். சித்திரத்தை இகழ்வதற்கு அந்தச் சிறு தொல்லையும் இல்லை. நான்கு பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தீர்ப்பு வழங்கிவிடலாம். அவ்வாறு பலராலும் ஒதுக்கப்பட்டு, ஆயினும் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கும் நூல் ஒன்றன் வரலாற்றை ஈண்டு எழுத விழைகின்றேன். ஜப்பானியரான கெய்ஜி நகாசாவா எழுதி வரைந்த ‘ஹதாஷி நோ கென்’ என்பது அந்நூல். தமிழில் ‘வெறுங்கால் கென்’ எனலாம். அதனை ஒதுக்கியோருள் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பள்ளி நூல்நிலையத்திற்கு நூல்கள் வாங்க வேண்டியிருந்தது. நூல்நிலையப் பொறுப்பாசிரியை வயதில் மிக இளையவர். தம் பட்டியலோடு, அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் என் மேசைமீது வைத்தார். பத்துத் தொகுதிகளுள் அது முதலாவது. புரட்டிப் பார்த்தேன். உருண்டை முகங்கள், முகத்தில் பாதியை விழுங்கிய கண்கள், தொண்டைவரை திறந்து அலறும் வாய்கள், அருவியாகக் கொட்டும் கண்ணீர். தந்தை மகனை அறைகிறார். அண்ணனும் தம்பியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றுக்காக உருண்டு புரண்டு சண்டையிடுகின்றனர். பின்பக்கங்களில், தோல் உரிந்து தொங்க மனிதர்கள் நடந்து வருகின்றனர். அவர்களும் அதே விளையாட்டுக் கோடுகளில்!

“இது வேண்டாம் அம்மா. பார்க்கவே சகிக்கவில்லை” என்றேன்.

“கதையைப் படித்துப் பார்த்தீர்களா, ஐயா?”

“படங்களைப் பார்த்தேனே, போதாதா? பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.”

அவர் மறுமொழி கூறவில்லை. நூலைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. அது என் மேசையிலேயே கிடந்தது.

என் கண் வளர்ந்த கதையையும் சிறிது சொல்லியாக வேண்டும். தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்குப் படம் என்றால் ‘அம்புலிமாமா’தான். 1947இல் சென்னையில் தொடங்கப்பெற்ற அவ்விதழின் பழைய படிகள், அட்டையை இழந்து, முதல் கதையின் தொடக்கத்தையும் இழந்து, பல வீடுகளைச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். வேதாளத்தைத் தோளில் சுமந்து, உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை அதில் வரைந்தவர் சங்கர் எனப்பெற்ற கே. சி. சிவசங்கரன் (1924-2020). அரசனின் காதணி, இடைக்கச்சையின் மடிப்பு, காலடியில் கிடக்கும் மண்டையோடு என ஒவ்வொன்றும் அளந்து வைத்தாற்போல் இருக்கும். அவர் கைபட்டால் வேதாளமும் அழகுதான். அழகில்லாத படம் உழைப்பில்லாத படம் என்று அந்த வயதிலேயே என் மனத்தில் பதிந்துவிட்டது. பயிற்சிக் கல்லூரியில் ஓவியக் கல்வி பற்றிப் படித்தவை எதுவும் அந்தப் பதிவை அசைக்கவில்லை.

நகாசாவா 1939இல் ஹிரோஷிமாவில் பிறந்தார். தந்தையார் ஜப்பானிய மரபு ஓவியர். மரச்செருப்புகளுக்கு வண்ணம் தீட்டிக் குடும்பம் நடத்தியவர். போரை எதிர்த்த நாடகக் குழு ஒன்றில் பங்கு கொண்டமைக்காகச் சிறையும் சென்றவர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் காலை, நகரின்மீது அணுகுண்டு வெடித்தபோது ஆறு வயதுக் கெய்ஜி பள்ளி வாயிலில் நின்றிருந்தான். பள்ளியின் சிமெண்டுச் சுவர் வெப்பத்தை மறைத்து அவனைக் காத்தது. வீட்டில் தந்தை, அக்காள், தம்பி மூவரும் இடிபாட்டில் சிக்கி மாண்டனர். நிறைசூலியாக இருந்த தாய் அன்றே ஒரு பெண்மகவை ஈன்றார். அம்மகவு சில மாதங்களே வாழ்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் இறந்தோர் ஏறத்தாழ 140,000 பேர் என மதிப்பிடப்படுகிறது.

படக்கதையில், எரியும் வீட்டின் முன் நின்று தந்தையும் தமக்கையும் தம்பியும் மடிவதைச் சிறுவன் கென் காண்கிறான். உண்மையில் கெய்ஜி அவ்விடத்தில் இல்லை. கண்டவர் தாய். மகன் வரைந்தது தாயின் வாய்மொழியை.

கையின் வரலாறும் உண்டு. போருக்குப் பின், பசியும் அழுக்கும் நிறைந்த அந்நகரில், ஒசாமு தெசுகாவின் ‘புதிய புதையல் தீவு’ என்னும் 1947ஆம் ஆண்டுப் படக்கதை அச்சிறுவனுக்குக் கிடைத்தது. அதனைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். படக்கதை ஓவியனாவதென்று உறுதி கொண்டான். தெசுகாவோ அமெரிக்க வால்ட் டிஸ்னியின் கேலிச்சித்திரப் படங்களில் ஊறியவர். நான் வெறுத்த அந்தப் பெரிய கண்கள், குண்டு போட்ட நாட்டிலிருந்து புறப்பட்டுக் குண்டு விழுந்த நகரத்துச் சிறுவனின் கைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தவை! பள்ளிக் கல்வி முடிந்ததும் நகாசாவா விளம்பரப் பலகை எழுதும் கடையில் தொழில் பயின்றார். பலகை எழுதுபவன் மெல்லிய கோட்டை நம்பமாட்டான். தெருவின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பவனுக்கும் அது தெரிய வேண்டும். அந்தத் தொழிற்பழக்கம் அவருடைய தடித்த கோடுகளில் இறுதிவரை இருந்தது என்பது என் துணிபு.

1961இல் தோக்கியோ சென்றார். குண்டுவீச்சில் தப்பியவர்களை அருவருத்து விலகிய காலம் அது. தாம் ஹிரோஷிமாக்காரர் என்பதையே மறைத்துக்கொண்டு, சிறுவர் இதழ்களுக்கு வீரசாகசக் கதைகள் வரைந்து வந்தார். 1966இல் தாய் மறைந்தார். ஈமக்கிரியைக்குப் பின் சாம்பலில் எலும்புகளைப் பொறுக்கி எடுப்பது ஜப்பானியர் வழக்கம். அன்று பொறுக்குவதற்கு எலும்பே இல்லை, வெண்துகள்களே எஞ்சியிருந்தன. கதிர்வீச்சு தாயின் எலும்பையும் விட்டுவைக்கவில்லை என்று அவர் குமுறினார். அணுகுண்டு பற்றிய அவருடைய முதல் படக்கதை அந்தச் சினத்தில் பிறந்தது. பெரிய இதழ்கள் அதனை ஏற்கத் தயங்கின. 1968இல்தான், பெரியவர்களுக்கான இதழ் ஒன்றில் வெளிவந்தது. 1972இல் ‘நான் கண்டேன்’ என்னும் தன்வரலாற்றுப் படக்கதை வந்தது. அதனைக் கண்ட பதிப்பாசிரியர் நகானோ தூண்டவே, 1973இல் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் கென் பிறந்தான். வாசகச் சிறுவர்கள் அஞ்சலட்டையில் எழுதியனுப்பும் விருப்பு வெறுப்பைக் கொண்டு தொடர்களின் ஆயுளை முடிவு செய்வது அவ்விதழின் நடைமுறை. அத்தகைய இடத்தில், விளையாட்டுக் கதைகளுக்கும் நகைச்சுவைக் கதைகளுக்கும் அருகில், அவர் ஹிரோஷிமாவை வரைந்தார். ஓராண்டளவில் அத்தொடர் அங்கு நின்றது. பின்னர் வேறு இதழ்களில் தொடர்ந்தது. அவற்றுள் ஒன்று ஜப்பானிய ஆசிரியர் சங்கத்தின் இதழ் என்பது நம் போன்றோர் கருதத்தக்கது. 1976இல் தோக்கியோவில் தன்னார்வலர்கள் கூடி ஆங்கில மொழிபெயர்ப்பைத் தொடங்கினர்.

மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதியவர்களுள் அமெரிக்கப் படக்கதை ஆசிரியர் ஆர்ட் ஸ்பீகல்மன் ஒருவர். நாசி முகாமிலிருந்து மீண்ட தம் தந்தையின் கதையை ‘மவுஸ்’ என வரைந்து, 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றவர். அவருக்கும் இந்த ஓவியம் முழுமையாகப் பிடிக்கவில்லை! கோட்டில் நளினம் குறைவு, நுணுக்கம் குறைவு என்று ஒளிக்காமல் எழுதினார். ஆயினும் அக்கோடு தன் பணியை முடித்துவிடுகிறது என்றும் எழுதினார். எனக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அவர் படித்துவிட்டுச் சொன்னார்.

நான் படித்தது ஒரு பள்ளி விடுமுறையில். தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் சினந்துகொண்டே திருப்பினேன். எரியும் வீட்டின் பக்கங்கள் வந்தபோது கை நின்றது. கிழங்குக்காகச் சண்டையிட்ட அதே தம்பி, அதே உருண்டை முகத்தோடு, உத்தரத்தின் அடியில் கிடக்கிறான். முன்னர்த் தர மறுத்த போர்க்கப்பல் பொம்மையை அண்ணன் அவன் கையில் வைக்கிறான். நெருப்பு நெருங்குகிறது. தாய் சித்தம் கலங்கிச் சிரிக்கிறாள். இக்காட்சியைச் சங்கரின் கோடுகளில் எண்ணிப் பார்க்க முயன்றேன். இயலவில்லை. அக்கோடுகள் அந்தச் சாவை அழகாக்கிவிடும். தாம் கண்ட கொடுமையை மிகவும் குறைத்தே வரைந்ததாக நகாசாவா கூறியிருக்கிறார்.

வேறொன்றையும் மறைக்க நான் விரும்பவில்லை. என் பாட்டியின் தம்பி சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் எந்த இடத்தில் கிடக்கிறார் என்று எங்கள் குடும்பத்தில் எவரும் அறியார். ‘ஜப்பான்காரன்’ என்ற சொல்லைப் பாட்டி கூறும் விதமே தனி. அந்நூலைத் தள்ளிவைத்தபோது என் கை அவரையும் நினைத்திருக்கக்கூடும். படித்த பின்னர்த்தான் தெரிந்தது: ஜப்பானியப் பேரரசையும் படையையும் அந்நூல் ஏசுவதுபோல் எங்கள் பாட்டியும் ஏசியதில்லை. ஆசிய நாடுகளில் அப்படை புரிந்த கொடுமைகளைப் பிற்பகுதித் தொகுதி ஒன்று வரைந்தே காட்டுகிறது.

அந்தப் படங்களே பிற்காலத்தில் வழக்காயின. 2012 டிசம்பரில், நகாசாவா மறைந்த அதே மாதத்தில், மட்சுவே நகரக் கல்வி வாரிய அலுவலகம் அந்நூலை மாணவர் கைக்கு எட்டாத உள்ளறையில் வைக்குமாறு தொடக்கப்பள்ளிகளையும் நடுநிலைப்பள்ளிகளையும் கேட்டுக்கொண்டது. வேண்டுவோர் ஆசிரியரின் ஒப்புதல் பெற வேண்டும். சித்திரங்கள் மிகக் கொடூரமானவை என்பது காரணம். 2013 ஆகஸ்டில் செய்தி வெளிவந்து எதிர்ப்புக் கிளம்பவே, அம்மாத இறுதியில் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 2023இலோ, ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து கென்னை நீக்கியது. நோயுற்ற தாய்க்காகக் கென் பிறர் குளத்தில் மீன் திருடும் காட்சி தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்றனர்.

பிள்ளைகளின் அச்சத்தைக் கருதுவது ஆசிரியர் கடமையே. ஏழு வயதுக் குழந்தையிடம் அந்நூலை நானும் கொடுக்கமாட்டேன். ஆனால் அன்று அந்த ஆசிரியையிடம் நான் பேசியது பிள்ளைகளின் அச்சம் பற்றியதன்று. எனக்குப் பிடிக்காததைப் பிள்ளைகளின் பெயரால் கூறினேன். வெறும் வாசகன் வெறுத்தால் நூலை மூடி வைப்பான். தலைமையாசிரியன் வெறுத்தால் நூல் பள்ளிக்கே வராது.

விடுமுறை முடிந்ததும் அவரை அழைத்து, முதல் நான்கு தொகுதிகளை ஆறாம் ஆண்டு மாணவர்க்கென வாங்கச் சொன்னேன். “ஐயாவுக்குப் படங்கள் பிடித்துவிட்டனவா?” என்று வினவினார். இல்லை என்றேன், அவர் சிரித்தார். முதல் தொகுதியின் முதுகு இதற்குள் இருமுறை பிரிந்து, தடித்த பழுப்புத் தாள்கொண்டு ஒட்டப்பட்டிருக்கிறது. நூல்நிலையத்திற்குச் செல்லும்போது அதனை எடுத்துப் புரட்டுவதுண்டு. அந்தக் கண்கள் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.