சீனப் பெருஞ்சுவர் எதிரிகளைத் தடுத்ததா?

சீனப் பெருஞ்சுவரில் இன்று காணப்படும் பெரும்பகுதி, மங்கோலியர்களின் தாக்குதலைத் தடுக்க மிங் வம்ச ஆட்சியில் (1368–1644) கட்டப்பட்டதாகும். அதன் நீளம் சுமார் 8,850 கிலோமீட்டர் என 2009-ஆம் ஆண்டு சீன அரசு அறிவித்தது.

சிறு கொள்ளைக் கூட்டங்களைத் தாமதப்படுத்தவும், காவல் கோபுரங்களிலிருந்து புகை எழுப்பிப் படைகளை எச்சரிக்கவும் இச்சுவர் உதவியது. எனினும், 1550-இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கானின் படை, அரண் வலுவற்ற பகுதி வழியாக நுழைந்து பெய்ஜிங்கின் புறநகரைச் சூறையாடியது. 1571-இல் அமைதி உடன்பாடு ஏற்பட்டு, எல்லைச் சந்தைகள் திறக்கப்பட்ட பின்னரே அவரது தாக்குதல்கள் ஓய்ந்தன.

1644-இல் கிளர்ச்சிப் படையினர் பெய்ஜிங்கைக் கைப்பற்றியதும், ஷான்ஹாய் கணவாயைக் காத்துவந்த தளபதி வூ சாங்குயி, மஞ்சு படைகளுக்குத் தாமே வாயிலைத் திறந்துவிட்டார். அவ்வழியே நுழைந்த மஞ்சுக்களின் சிங் வம்சம், 1912 வரை சீனாவை ஆண்டது.