ஃபித்யா: ஒரு வேரின் விலை

முதுமையாலோ தீராத நோயாலோ நோன்பு நோற்க இயலாதவர்கள் ரமலானில் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என்று ஈடு கொடுப்பார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அதற்கு 'ஃபித்யா' என்று பெயர். கிறித்தவர்கள் வாசிக்கும் விவிலியத்தில் 'பெதாயா' என்றோர் ஆள்பெயர் வருகிறது. 'யாவே மீட்டார்' என்பது அதன் பொருள். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. அரபியில் பகர ஒலி இல்லை. எபிரேயப் பகரத்துக்கு அங்கே ஃபகரம் நிற்கும். எபிரேயத்தில் 'பாதா', அரபியில் 'ஃபதா'. ஈடு கொடுத்து மீட்டான் என்பதே இரண்டுக்கும் பொருள்.

அடகு நகையை மீட்டேன் என்கிறோமே, அந்த மீட்புதான் இது. முதலும் வட்டியும் எண்ணி வைக்காமல் நகை கைக்கு வராது. யூதர்கள் தலைச்சன் ஆண்பிள்ளையை ஐந்து சேக்கல் கொடுத்து மீட்கும் சடங்கு 'பித்யோன் ஹபேன்'. சிறைப்பட்டவரை மீட்பது 'பித்யோன் ஷ்வுயிம்'. இதைவிடப் பெரிய அறம் இல்லை என்றார் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ். ஆனால் அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மதிப்புக்கு மிஞ்சிக் கொடுத்து மீட்கலாகாது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தடை போட்டிருந்தது. விலை ஏறினால் ஆள்பிடிப்பதே தொழிலாகிவிடும் என்ற அச்சம். 1286இல் சிறைப்பட்ட ரோத்தன்பர்க் மெயிர் என்ற ரப்பி, தமக்காகப் பெருந்தொகை கொடுக்க வேண்டாம் என்று மறுத்தார் என்பது மரபு. 1293இல் சிறையிலேயே இறந்தார். உடலைக்கூட 1307இல் பணம் கொடுத்துத்தான் மீட்டார்கள்.

அரபிக் கிளையில் இன்னொரு சொல் பூத்தது: 'ஃபிதாயீ'. தன்னையே ஈடாகத் தருபவன். 1950களில் பாலஸ்தீனப் போராளிகள் இப்பெயரால் அறியப்பட்டார்கள்.

விலை கொடுத்து மீட்பது நம் காலத்திலும் நடந்தது. 2006 ஜூன் 25 அன்று, காசா எல்லையில் கிலாத் ஷாலித் என்ற 19 வயது இஸ்ரேலியப் படைவீரரை ஹமாஸ் உள்ளிட்ட குழுக்கள் சுரங்கம் வழியே வந்து பிடித்துச் சென்றன. ஜெருசலேமில் பிரதமர் இல்லத்தருகே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள் பெற்றோர். 2011 அக்டோபர் 18 அன்று, மெலிந்து வெளுத்த முகத்தோடு ஷாலித் திரும்பினார். ஈடாக விடுவிக்கப்பட்ட பாலஸ்தீனர் 1,027 பேர். அவர்களுக்காகவும் தாய்மார் காத்திருந்தார்கள். விடுவிக்கப்பட்டவர்களில் ஒருவர் யாஹ்யா சின்வார். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல்மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலைத் திட்டமிட்டவர். அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் மாண்டனர்; தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரம் பாலஸ்தீனர் மாண்டனர்.

அந்தக் கூடாரத்தில் இருந்த தாயிடம் 'மீட்க வேண்டாம்' என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனாலும் அந்த வேர்ச்சொல் ஓர் உண்மையை நினைவூட்டுகிறது. ஃபித்யா கொடுப்பவர் தம் கைப்பொருளைக் கொடுக்கிறார். மெயிர் தம் விடுதலையைக் கொடுத்தார். ஃபிதாயீ தன் உயிரைக் கொடுக்கிறான். கைதிப் பரிமாற்றத்தில் மட்டும் கையெழுத்திடுபவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். முன்பு நடந்த தாக்குதல்களில் பிள்ளைகளை இழந்த இஸ்ரேலியக் குடும்பங்கள் ஷாலித் உடன்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. விடுதலைக்கு முந்தைய நாள்தான் உச்ச நீதிமன்றம் அவர்களைக் கேட்டது, மனுக்கள் தள்ளுபடியாயின.

மீட்பது கடமை. விலை யார் தலையில் விழுமோ அவர்களை முதலில் கேட்பது அதே கடமையின் மறுபாதி. எந்த நாடானாலும், கையெழுத்துக்கு முன்பே அந்தப் பாதியையும் நிறைவேற்ற வேண்டும்.