கொள்ளை நோய்க் காலங்களில் முதியோர்: 1897, 1918, 2020

கொரோனா வந்து போய் ஆண்டுகள் சில ஓடிவிட்டன. அந்தப் பேச்சை இனி ஏன் எடுக்க வேண்டும் என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் கொள்ளை நோய் நம் தேசத்துக்குப் புதிதல்ல. இனி வராது என்று சொல்வதற்கும் இல்லை. நம் நாடு கண்ட மூன்று பெரும் நோய்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். கிருமி மூன்று முறையும் வேறு. ஆனால் வயதானவர் பிழைத்தது கிருமியை மட்டும் பொறுத்ததாக இல்லை. அவர் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் பொறுத்திருந்தது.

பம்பாய் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. 1897 பிப்ரவரியில் அரசு கொள்ளை நோய்ச் சட்டத்தை நிறைவேற்றியது. (2020-ல் பல மாநிலங்கள் கையில் எடுத்ததும் இதே சட்டம்தான்.) அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனையிட்டு, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கும் குடும்பத்தாரைத் தனி முகாம்களுக்கும் கொண்டு போனார்கள். ஜனங்கள் நோயைக் காட்டிலும் ஆஸ்பத்திரிக்கே அதிகம் அஞ்சினார்கள். சொந்த ஜனங்கள் முகம் காணாமல், அந்திமக் கிரியைகள் இன்றிப் போய்விடுவோமோ என்ற பயம் அது. நோயாளிகளை வீட்டிலேயே ஒளித்து வைத்தார்கள், சிகிச்சை தாமதமாயிற்று. பின்னர்தான் அந்தந்த சமூகத்தார் தாமே பிளேக் ஆஸ்பத்திரிகள் நடத்த வழிவிடப்பட்டது. புனாவில் திலகர் முயற்சியில் ஹிந்து பிளேக் ஆஸ்பத்திரி ஏற்பட்டது.

அதே புனாவில், டாக்டரான வளர்ப்பு மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை நிலையத்தில் சாவித்திரிபாய் பூலே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். நோய் தொற்றி 1897 மார்ச் 10 அன்று அவர் காலமானபோது வயது 66. முதியவர் என்றால் கவனிக்கப்பட வேண்டியவர் மட்டுமல்ல, மற்றவரைக் கவனிப்பவரும்கூட என்பதற்கு அவரே சான்று.

1918 விஷ ஜுரம்

1918 ஜூனில் பம்பாயில் இன்ஃப்ளூயன்ஸா தலைகாட்டியது. செப்டம்பர், அக்டோபரில் வந்த இரண்டாம் அலைதான் கொடியது. இந்தியாவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் பேராவது மாண்டதாக மதிப்பிடுகிறார்கள்; 2 கோடி என்பாரும் உண்டு. 1911-க்கும் 1921-க்கும் இடையே நாட்டின் ஜனத்தொகையே குறைந்தது. நம் மக்கள்தொகைக் கணக்கில் அப்படி நேர்ந்த பத்தாண்டு அது ஒன்றே.

இதில் விசித்திரம், அதிகம் இறந்தவர்கள் 20 முதல் 40 வயதுக்காரர்கள். முதியவர்கள் இளமையில் இதே ஜாதிக் கிருமி ஒன்றைச் சந்தித்திருந்ததால் எதிர்ப்பு சக்தி பெற்றிருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் தரும் ஒரு விளக்கம். தாங்கள் தப்பினாலும், சம்பாதிக்கும் பிள்ளையையும் சமைத்துப் போடும் மருமகளையும் பறிகொடுத்த முதியவர்களின் கதி என்ன? பென்ஷன் என்பது அரசு ஊழியர் சிலருக்கே இருந்த காலம் அது.

சமூக நிலை உயிரைத் தீர்மானித்ததற்கும் அந்த ஆண்டின் பம்பாய்க் கணக்கே சாட்சி. தாழ்த்தப்பட்ட ஹிந்துக்களில் ஆயிரத்துக்கு 61 பேருக்கு மேல் இறந்தனர்; மற்ற ஹிந்துக்களில் சுமார் 19; ஐரோப்பியரில் 8. கிருமிக்கு ஜாதி தெரியாது. நெருக்கடியான குடியிருப்பும், அரை வயிற்று உணவும், கவனிக்க ஆளின்மையும்தான் வித்தியாசத்தை உண்டாக்கின.

2020-21

கொரோனா இதற்கு நேர் எதிர். நம் நாட்டில் 2020-ல் பதிவான மரணங்களில் பாதிக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்களுடையவை. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருக்க அறிவுறுத்தப்பட்டது. நல்ல யோசனைதான். ஆனால் முதியவருக்குக் கொரோனா ஒன்றுதானா வியாதி? ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம், மூட்டுவலி எல்லாம் ஊரடங்குக்காகக் காத்திருக்கவில்லை. டெல்லி எய்ம்ஸில் மார்ச் 24 முதல் வெளிநோயாளிப் பிரிவே மூடப்பட்டது. தொலைபேசி, வீடியோ மூலம் வைத்தியம் பார்க்க மார்ச் 25-ல் விதிமுறைகள் வெளியாயின. ஸ்மார்ட்போன் பழகியவருக்கு அது வரப்பிரசாதம், பழகாதவருக்குப் பயனில்லை.

எங்கள் துவாரகாவைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். டி.டி.ஏ. திட்டமிட்டு அமைத்த உபநகரம். கூட்டுறவு வீட்டு வசதி சங்கங்கள் நிறைந்தது. ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் இங்கு ஏராளம். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். அந்த நாட்களில் வாயிற்கதவு மூடப்பட்டதும் வேலைக்காரப் பெண், சமையல் மாமி, பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் ஒரே நாளில் நின்றுபோனார்கள். பலருக்கு வைரஸைவிட இதுவே முதல் அடி.

மருத்துவ உண்மை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு நோய் கண்டால் ஜுரமே இல்லாமல் இருக்கலாம். திடீர்க் குழப்பம், சாப்பாட்டில் வெறுப்பு, தள்ளாட்டம் ஆகியவையே முதல் அறிகுறிகளாக வரலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தும் மூச்சுத் திணறல் தெரியாமல் இருந்தவர்கள் உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அதைக் காட்டிவிடும். ஆனால் தனக்குக் குழப்பம் வந்திருப்பதைக் குழம்பியவரே எப்படி அறிவார்? பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். தனியாக வசிப்பதே ஒரு நோய்க் காரணம் ஆவது இப்படித்தான்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் டெல்லி ஆக்சிஜனுக்குத் தவித்தது. துவாரகாவில் கட்டி முடியாதிருந்த இந்திரா காந்தி மருத்துவமனை மே மாதத்தில் கொரோனா நோயாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. பெற்றோரின் கடைசி யாத்திரையைக் கடல் கடந்த பிள்ளைகள் கைபேசித் திரையில் பார்த்தார்கள். 1897-ல் ஜனங்கள் அஞ்சியது மீண்டும் நடந்தது.

நல்ல காரியங்களும் நடந்தன. 2021 மார்ச் 1 முதல் 60 வயதானோருக்குத் தடுப்பூசி தொடங்கியது. கோவின் தளத்தில் ஒரு கைபேசி எண்ணில் நால்வரைப் பதிவு செய்யலாம் என்பதால் அண்டை வீட்டார் உதவ முடிந்தது. மே இறுதியில் வீட்டருகே, குடியிருப்புச் சங்கக் கட்டடங்களிலேயே, முதியோருக்கு ஊசி போடவும் வழி செய்யப்பட்டது.

பிறகு

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி ஸ்தானம் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். சென்னை கிண்டியில் முதியோருக்காகக் கட்டிய தேசிய மையம் 2020-ல் கொரோனா மருத்துவமனையாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் முதியோருக்கெனத் திறக்கப்பட்டது. வருமான வரம்பின்றி 70 வயதானோருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் வந்தது.

அட்டை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். காலையில் கதவைத் தட்டிப் பார்க்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் தனியாக வசிக்கும் முதியோரின் பட்டியல், அவர்கள் சாப்பிடும் மருந்துகள், டாக்டர் மற்றும் பிள்ளைகளின் தொலைபேசி எண்கள், மாற்றுச் சாவி இருக்கும் வீடு ஆகியவற்றை எழுதி வைப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நம்மவர் என்று பாராமல் எல்லோரையும் அதில் சேர்க்க வேண்டும். வாட்ச்மேன் வீட்டிலும் வேலைக்காரப் பெண் வீட்டிலும் வயதான தாய் தகப்பன் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, டிஸ்பென்சரியும் இல்லை. அடுத்த நோய் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்த பிறகு பட்டியல் எழுத நேரம் இருக்காது.